படியில்லாத வீடு

தூத்துக்குடியில் கப்பல் கரைக்கு வருவதில்லை. ஐந்தாறு மைல் தள்ளிக் கடலிலேயே நங்கூரம் போட்டு நின்றுவிடுகிறது. மீதித் தூரம் நீராவிப் படகில். படகு ஆடின ஆட்டத்தில் எனக்கு வயிற்றைக் கலக்கியது. என் மகள் ராஜிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுவே எனக்குக் கவலையாக இருந்தது. ஐந்து வயதுக் குழந்தைக்கு வாந்தி வரவேண்டிய இடத்தில் வராவிட்டால் உள்ளே வேறு ஏதாவது கோளாறோ?

கரை தெரிய ஆரம்பித்ததும் வெள்ளை வெளேரென்று வரிசையாகக் கட்டடங்கள் தெரிந்தன. எல்லாம் ஒரே உயரம். எல்லாவற்றுக்கும் ஓலைக் கூரை. சன்னல் மட்டும் எதிலும் இல்லை. கைப்பையிலிருந்து நோட்டை எடுத்துக்கொண்டு படகுக்காரரிடம் கேட்டேன்: "அந்த வெள்ளைக் கட்டடமெல்லாம் யுத்தத்தில் பட்டாளத்துக்காரங்க கட்டினதா?"

"அது கட்டடம் இல்ல தாயி, உப்பு. மழைக்கு ஓல போட்டு மூடியிருக்கு." சொல்லிவிட்டு முன்பக்கம் இருந்தவரைப் பார்த்துக் கத்தினார்: "ஏலே, இந்தம்மா உப்பு அம்பாரத்துல வாடகைக்கு எடம் கேக்காவ!"

படகே சிரித்தது. நோட்டைத் திரும்பப் பைக்குள் வைத்தேன்.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். என் வீட்டுக்காரர் கொழும்பில் ஓர் இஞ்சினீயர் ஆபீஸில் கட்டடங்களுக்குப் படம் வரைகிறவர். அவருக்குத் தூத்துக்குடிக் கிளைக்கு மாற்றல் ஆகியிருந்தது. மாதக் கடைசி வரை அவரால் நகர முடியாது. ராஜிக்கோ மழை தொடங்கினால் மூச்சு இளைப்பு வந்துவிடும். எங்கள் கொழும்பு வீட்டுச் சுவர்கள் வருஷத்தில் பாதி நாள் ஈரம். "மருந்து நான் தருகிறேன், உலர்ந்த சுவரை நீங்கள்தான் தேடவேண்டும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே, குழந்தையுடன் முன்னால் போய் வீடு பார்க்கும் பொறுப்பு எனக்கு வந்தது.

புறப்படும்போது என் வீட்டுக்காரர் ஒரு நோட்டில் படங்கள் வரைந்து கொடுத்தார். அரைவட்ட வளைவு, கூர் வளைவு, தட்டை வளைவு, மூன்று விதத் தூண் தலைகள், கடைசியில் இரு பக்கமும் அலைபோல் சுருண்டு இறங்கும் ஒரு முகப்பு. அதன் கீழே 'டச்சுக்காரர் பாணி' என்று எழுதியிருந்தார். "இந்தச் சுருளைப் பார்த்தால் விடாதே. அவர்கள் சுவர் இரண்டு முழக் கனம். எங்கள் துரையின் பங்களா அப்படித்தான். எந்த மழையிலும் உள்ளே பொட்டு ஈரம் கிடையாது" என்றார்.

செலஸ்தீனாள் வீட்டில் தங்கினோம். அவள் கணவரும் என் வீட்டுக்காரரும் ஒரே கம்பெனி. தலைமுறை தலைமுறையாகக் கடலைப் பார்த்துக் குடியிருக்கும் கிறிஸ்தவ வேதக்காரக் குடும்பம். எனக்கு இரண்டு மூன்று வயதுதான் மூத்தவள். பேச்சில் இருபது வயது மூத்தவள். வந்ததும் ராஜிக்கு மக்ரூன் கொடுத்தாள். முட்டை வெள்ளையும் முந்திரியும் சீனியும் சேர்த்துச் சுடுகிற பண்டம், வாயில் போட்டதும் காற்றாய்ப் போகிறது. "சீனிக்கு ரேஷன் வந்த பொறவு இதுவும் சின்னதாப் போச்சு. முன்ன ஒண்ணு தின்னாச் சோறு வேண்டாம்" என்றாள். முட்டை குழந்தைக்குச் சூடு ஆகுமோ என்று யோசிப்பதற்குள் ராஜி நாலு தின்றிருந்தாள்.

அன்று சாயங்காலமே இரண்டு வீடு பார்த்தோம். முதலாவது கடற்கரைப் பக்கத் தெருவில் ஓர் ஓட்டு வீடு. வீட்டுக்காரி மரியபுஷ்பம் பக்கத்திலேயே குடியிருந்தாள். வாசலுக்கு ஏற உயரமான மூன்று படிகள். குழந்தை விழுந்தால் முன் பல் போய்விடும். தெருப் பக்கம் வெறும் சுவர். வளைவு இல்லை, தூண் இல்லை; என் நோட்டில் இருந்த ஒன்றுகூட அதில் இல்லை. "பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லி இறங்கிவிட்டேன்.

இரண்டாவது, உப்பு வியாபாரி ஆறுமுகம் அண்ணாச்சியின் வீடு. தெரு முனையிலிருந்து பார்த்ததுமே நின்றுவிட்டேன். உச்சியில் அந்தச் சுருள்! இரு பக்கமும் அலைபோல் இறங்கி, நடுவில் சுண்ணாம்பில் செய்த ஒரு தாமரை. சுவரோடு ஒட்டின நாலு அரைத்தூண்கள். கதவுக்கு மேலே சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி. நோட்டை எடுத்து ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டேன். வாசல், தேர் நுழைகிற அகலம். படியே இல்லை, தெரு மட்டத்துக்கே தரை. தடுக்கி விழ ஒன்றும் இல்லை. சன்னல்கள் ஆள் உயரத்துக்கும் மேலே, சின்னச் சின்னதாக. குழந்தை ஏறி எட்டிப் பார்க்க முடியாது, திருடனும் வரமுடியாது. கூடத்துச் சுவரில் இடுப்பளவுக்குத் தேக்குப் பலகை அடித்திருந்தது, துரை வீட்டில்போல. தரை ஒரு பக்கமாகச் சாய்ந்து சுவரோரம் ஒரு சாக்கடைத் துளையில் முடிந்தது. கழுவிவிட எவ்வளவு சௌகரியம்! வாசல் கல்லில் நீளமாக இரண்டு பள்ளம். மழைத் தண்ணீர் வடிய என்று நினைத்தேன்.

"கொழும்புல இப்படி இருக்குமாம்மா?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"ரொம்பப் பெரிய மனிதர்களுக்குத்தான்" என்றேன்.

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவர் மனைவி வெற்றிலை பாக்கோடு சாவியையும் கையில் கொடுத்தார். "வீட்டுல யாருக்கும் சீக்கு கீக்கு இல்லையே?" என்று சம்பிரதாயமாகக் கேட்டார். நான் ராஜியின் தலையைத் தடவிக்கொண்டே, "இல்லைங்க" என்றேன். இளைப்பு என்று சொன்னால் க்ஷயம் என்று நினைத்துக்கொண்டு வீடு தர மறுப்பார்கள். கொழும்பில் எனக்கு அப்படி ஒரு அனுபவம் உண்டு. ஆனாலும் அவர் முகத்தைப் பார்க்காமல் சாவியைப் பைக்குள் போட்டேன்.

மறுநாள் காலை முதல் காரியமாகக் கடிதம். முகப்பைப் படமாக வரைந்து, 'நீங்கள் சொன்ன சுருளே கிடைத்துவிட்டது. சாமான்களை அடுத்த தோணியில் ஏற்றிவிடலாம்' என்று எழுதிப் போட்டேன். பெட்டிக்குள் விழுந்த பிறகு, 'விடலாம்' என்று எழுதினதற்குப் 'பிறகு எழுதுகிறேன்' என்று எழுதியிருக்கலாமோ என்று பத்து நிமிஷம் அங்கேயே நின்றேன்.

"தபால் பொட்டிய மொறச்சாத் திருப்பித் தராது. வாங்க" என்று செலஸ்தீனாள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

அன்றெல்லாம் ஊர் சுற்றினோம். நான் நோட்டும் கையுமாக நடந்தேன். கொழும்பில் பச்சை மரங்களுக்குப் பின்னால் வீடுகள் ஒளிந்திருக்கும். இங்கே வெயிலில் எல்லாம் பளிச்சென்று நிற்கின்றன, ஒளிய இடமில்லை. மாதா கோயிலின் உச்சி, கம்பெனி ஆபீஸ்களின் உருண்டைத் தூண்கள், சட்டம் சட்டமாக அடுக்கின பச்சைச் சன்னல் கதவுகள். "இது அரைவட்ட வளைவு" என்பேன். "அது ஆபீசு. மேல மாடியில தொர இருப்பான், கீழ கணக்கப்பிள்ள இருப்பான். கீழ பாருங்க, சன்னல்ல கம்பி, மேல கம்பி இல்ல. தொரய எவன் திருடுவான்?" என்பாள். நான் வளைவைப் பார்த்த இடத்தில் அவள் கம்பியைப் பார்த்தாள்.

ஒரு பழைய சுவர் முட்டை ஓடுபோல் மினுமினுத்தது. சிப்பியைச் சுட்டு அரைத்த சுண்ணாம்பாம். கடலுக்குள் மூச்சடக்கி அள்ளிவந்த சிப்பியில் முத்து இருந்தால் ஒருவர் கழுத்துக்கு. இல்லாத ஆயிரம் சிப்பியும் இப்படிச் சுவருக்கு. கையை வைத்துப் பார்த்தேன், உச்சி வெயிலிலும் குளிர்ச்சி. ராஜி நாக்கை வைத்துப் பார்த்தாள். சுவரை நக்குவது அவளுடைய நீண்ட நாள் கெட்ட பழக்கம். பூச்சி மருந்து கொடுத்தும் போகவில்லை. முதுகில் ஒன்று வைத்தேன்.

மூன்றாம் நாள் காயல்பட்டினம். செலஸ்தீனாள் அங்கே தன் முஸ்லிம் சிநேகிதி ஒருத்திக்குப் பின்னல் துணி கொடுக்கவேண்டியிருந்தது. கரி வாயுவில் ஓடுகிற பஸ். பாதி வழியில் மூச்சுத் திணறி நின்றுவிட்டது. கண்டக்டர் இறங்கிப் பின்பக்க அடுப்பைக் கிண்ட, ஆண்கள் தள்ள, கரிப்புகை எங்கள்மேல். நான் ராஜியின் மூக்கை முந்தானையால் மூடினேன். "இப்பிடிப் பொத்துனா நல்ல காத்தும் போகாது, ஏளா!" என்று செலஸ்தீனாள் அதட்டினாள். 'நீங்க'வில் ஆரம்பித்தவள் மூன்றாம் நாளில் 'ஏளா'வுக்கு வந்துவிட்டாள். எனக்கு அது ஆறுதலாக இருந்தது.

காயல்பட்டினத்தில் நான் முந்திரிக்கொட்டை மாதிரி முன்னால் போய், வேலைப்பாடு செய்த ஒரு பெரிய கதவைத் தட்டினேன். உள்ளே ஓர் ஆண் குரல் இருமியது. கதவு திறக்கவில்லை. மறுபடி தட்டினேன். மறுபடி இருமல். செலஸ்தீனாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அது ஆம்பள வாச. நீ தட்டுனா அந்த மனுசன் எப்பிடித் தெறப்பாரு? நமக்கு இங்கன."

இரண்டு வீட்டுச் சுவர்களுக்கு நடுவே, ஒரு ஆள் போகிற அளவு சந்து. அதன் வழியாகத்தான் பெண்கள் வீட்டுக்கு வீடு போய் வருகிறார்களாம், தெருவுக்கே வரவேண்டியதில்லை. உள்ளே ஒரு சின்ன, வேலைப்பாடே இல்லாத கதவு. சிநேகிதி வந்து கையைப் பிடித்து அழைத்தாள். "வாங்க மதினி. அந்த வாசல்ல எவ்வளவு நேரம் நின்னீங்க? எங்க காக்கா பாவம், இருமி இருமியே தொண்ட கெட்டிருக்கும்." அண்ணனைத்தான் அங்கே காக்கா என்கிறார்கள்.

"எந்த வாசல் யாருக்கு என்று வெளியூர்க்காரிக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"கல்லப் பாத்தாத் தெரியாதா?" என்று கீழே காட்டினாள். அந்தச் சின்னக் கதவின் வாசல் கல் நடுவில் கிண்ணம்போல் குழிந்திருந்தது. எத்தனை தலைமுறைப் பெண்களின் காலோ! அந்தப் பெரிய கதவின் கல்லோ, நேற்றுப் போட்டதுபோல் விளிம்பு மழுங்காமல் இருந்தது.

இடியாப்பமும் தேங்காய்ப் பாலும் சாப்பிட்டுத் திரும்பினோம். வழியெல்லாம் அந்தக் குழிந்த கல்லே நினைவில் இருந்தது. நோட்டில் எட்டாவது படமாக அதை வரைந்தேன்.

நாலாம் நாள் எங்கள் இரண்டு டிரங்குப் பெட்டிகளை அண்ணாச்சி வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துவிடலாம் என்று புறப்பட்டோம். குதிரை வண்டி கடைத்தெரு தாண்டுமுன் அச்சாணி கழன்று ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. வெறுமனே திரும்பிக்கொண்டிருந்த ஒரு மாட்டு வண்டியைச் செலஸ்தீனாள் கைதட்டி நிறுத்தினாள். வண்டிக்காரர் பெயர் சுடலை. மாடுகள் இரண்டும் அவரைப்போலவே வயதானவை.

வீட்டு வாசல் வந்தது. சுடலை கயிற்றைத் தொடவே இல்லை. மாடுகள் தாமாகவே தெருவை அடைத்துக்கொண்டு திரும்பின. பின்னுக்கு அடி வைத்து வண்டியை வாசலை நோக்கித் தள்ளின. சக்கரங்கள் இரண்டும் வாசல் கல்லில் இருந்த அந்த இரண்டு பள்ளங்களில் போய் உட்கார்ந்தன. ஒரு விரற்கடைகூட விலகவில்லை. பிறகு மாடுகள் வாலை ஆட்டிக்கொண்டு நின்றன.

"எதுக்கு இப்படித் திரும்பி நிக்குது?" என்றேன்.

"பழக்கம் தாயி. பத்து வருசம் இந்த வாசல்லதான மூட்ட ஏத்துனோம். நான் மறந்தாலும் அதுக மறக்காது."

"என்ன மூட்டை?"

சுடலை என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "உப்பு மூட்டதான். உப்புக் கிட்டங்கியில வேற என்ன இருக்கும்?"

கிட்டங்கி என்றால் சரக்கு அடுக்கும் கிடங்கு! நான் செலஸ்தீனாளைப் பார்த்தேன். "கிட்டங்கிதான். ஒனக்குத் தெரியாதா?" என்றாள், உண்மையான ஆச்சரியத்தோடு. "பாத்தாலே தெரியுமே!"

கதவைத் திறந்து உள்ளே போனேன். மூன்று நாள் முன்பு பார்த்த அதே வீடு. ஆனால் அகல வாசல் வண்டி நுழைவதற்கு. படி இல்லாதது, சக்கரம் ஏறுவதற்கு. சன்னல் உச்சியில் இருப்பது, கீழே மூட்டை அடுக்குவதற்கு. தரை சாய்ந்திருப்பது, உப்பு கசிந்த தண்ணீர் வடிவதற்கு. முன்னால் இருந்த சுருளும் தாமரையும் அரைத்தூணும் நேற்றுப் போட்டுக்கொண்ட பவுடர். என் வீட்டுக்காரரின் நோட்டில் கிட்டங்கிக்குப் படம் இல்லை.

கூடத்து மூலையில் தேக்குப் பலகை கொஞ்சம் விலகியிருந்தது. ராஜி அந்த இடுக்கில் தலையை விட்டு நாக்கை நீட்டினாள். "அம்மா, உப்பு" என்றாள். சொன்னவுடன் அடி விழும் என்று முதுகை வளைத்துக்கொண்டாள்.

"எங்கே, இன்னொரு தரம் நக்கிப் பார்" என்றேன்.

அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு தாராளமாக நக்கினாள். "உப்புதான்." நான் சாவியின் முனையால் அந்த இடத்தைச் சுரண்டினேன். சுண்ணாம்பு மாவாகக் கொட்டியது.

இப்போது மாசி மாதம், எல்லாம் காய்ந்து கிடக்கிறது. உப்பு ஈரத்தை இழுக்கும்; ஐப்பசியில் இந்தச் சுவர் என்ன செய்யும்? அதற்குள் எங்கள் கட்டில், பீரோ எல்லாம் தோணியில் வந்து இறங்கியிருக்கும். ராஜி இந்தப் பலகைக்குப் பக்கத்தில் படுத்திருப்பாள். ஒருவேளை நான் அதிகமாகப் பயப்படுகிறேனோ? கொடுத்த வார்த்தையைத் திருப்பி வாங்குவது என்ன மரியாதை? பெட்டிகளை இறக்கவேண்டாம் என்று சுடலையிடம் சொல்லிவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு அண்ணாச்சியின் வீட்டுக்கு நடந்தேன். போகும் வழியில் இரண்டு தடவை நின்றேன்.

"என்னம்மா சொல்லுதிய? நான் ஒளிச்சா வச்சேன்?" அண்ணாச்சிக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஊருல எவன்கிட்டயும் கேளுங்க, உப்புக் கிட்டங்கி வீடுன்னாத்தான் வழி சொல்லுவான். எம் மக கல்யாணத்துக்காக முன்னால மொகப்பு வச்சேன். சுவரு உதிருதேன்னு பலக அடிச்சேன். படிச்சவிய, நோட்டெல்லாம் வச்சு எழுதுனியளே. எல்லாந் தெரிஞ்சுதான் எடுக்கியன்னு நெனச்சேன்!"

அவர் ஏமாற்றவில்லை. ஒளித்தது நான்தான்.

"குழந்தைக்கு இளைப்பு இருக்கு. அன்றைக்குக் கேட்டபோது இல்லைன்னு சொல்லிட்டேன்" என்றேன். "ஒட்டுகிற வியாதி இல்லை. ஈரம்தான் ஆகாது."

அண்ணாச்சியின் மனைவி என் கையிலிருந்து சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். "அட கோட்டிக்காரி! அன்னைக்கே சொல்லியிருந்தா நானே வேண்டாம்னிருப்பேனே. கார்த்திகையில அந்தச் சுவரு அழும்மா. நாங்க குடியிருந்தப்ப பழைய வேட்டிய வச்சுத் தொடைப்போம். பச்சப்பிள்ளையப் போய் அங்கன படுக்க வைக்கவா?" ராஜியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். அண்ணாச்சி மட்டும் தெருவைப் பார்த்தபடி, "மொகப்பு நல்லாருக்குன்னு நீங்க சொன்னது நெசந்தான?" என்று கேட்டார்.

"நிஜம்தான்" என்றேன். அது பொய்யில்லை.

தந்தி ஆபீசுக்கு ஓடினோம். 'வீடு மாற்றம். சாமான் ஏற்றவேண்டாம். ராஜி சுகம்.' குமாஸ்தா அதைப் படித்துவிட்டு, "கடைசி ரெண்டு வார்த்த அவசியமாம்மா?" என்றார். அவசியம் என்றேன்.

பெட்டிகளோடு வண்டி கடற்கரைத் தெருவுக்குத் திரும்பியது. மரியபுஷ்பத்தின் ஓட்டு வீட்டு முன்னால் மாடுகள் எந்த அபிப்பிராயமும் இல்லாமல் நின்றன. மூன்று படி. இப்போது புரிந்தது: தரைக்கும் மண்ணுக்கும் நடுவில் ஒரு முழத்துக்கு மேல் உயரம், மண்ணின் ஈரம் அதற்குள் ஏறிவர முடியாது. கடலைப் பார்த்து ஒரு சன்னல், அதற்கு நேர் எதிரே பின்கட்டில் ஒரு சன்னல். ஓட்டுக்கும் சுவருக்கும் இடையில் காற்றுப் போக இடைவெளி. தெருவுக்குக் காட்ட அந்த வீட்டில் ஒன்றும் இல்லை.

உள்ளே கால் வைக்குமுன், "என் மகளுக்கு இளைப்பு உண்டு" என்று சொன்னேன்.

"எம் மூத்தவனுக்கும் இருந்துச்சு. இப்பக் கப்பல்ல கெடக்கான், தடியன்" என்றாள் மரியபுஷ்பம்.

ராஜி ஏற்கெனவே சுவருக்குப் போயிருந்தாள். நக்கிவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். குனிந்து, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், நானும் நாக்கை வைத்தேன். சுண்ணாம்பு. வெறும் சுண்ணாம்பு.

"ஏளா செலஸ்தீனா, நீ கூட்டியாந்தவ குடியிருக்க வந்தாளா, சுவரத் திங்க வந்தாளா?" என்று பின்னாலிருந்து மரியபுஷ்பத்தின் குரல் வந்தது.

அவர்கள் இருவரும் சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போனார்கள். பெட்டிகளை இறக்கிவிட்டுச் சுடலையும் போனார். நான் என் வீட்டுக்காரருக்குக் கடிதம் எழுத நோட்டைப் பிரித்தேன். முகப்பு என்று வரைய அந்த வீட்டில் ஒன்றும் இல்லாததால், எதிரெதிராக இரண்டு சன்னலையும் நடுவில் காற்றுக்கு ஒரு கோட்டையும் வரைந்தேன். அதற்குள் ராஜி வெறுந்தரையில் படுத்துத் தூங்கிவிட்டாள். வழக்கம்போல் பக்கத்தில் உட்கார்ந்து அவள் மூச்சை எண்ண ஆரம்பித்தேன். இழுப்பு இருக்கிறதா, நெஞ்சுக்குழி பள்ளம் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே, பத்து, இருபது, முப்பது. நாற்பதுக்குமேல் எனக்கு நினைவில்லை. மரியபுஷ்பம் காப்பியோடு வந்து என்னை எழுப்பியபோது, வெயில் எதிர் சன்னலுக்குப் போயிருந்தது.